கல்யாணத்துக்கு வாசிக்க ஆள் தேடுகிறேன்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று நாள் முழுக்க ஒரு பாடகியின் மூச்சை வெட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் துருத்தி மாதிரி இழுக்கிறாள். மூச்சை வெட்டி, இடைவெளியை ஒட்டி, சுருதி இறங்கிய இடங்களைத் தூக்கி நிறுத்தி, சாயங்காலத்துக்குள் அவளை மூச்சே விடாமல் பாடும் பெண்ணாக்கி அனுப்பிவிட்டேன். போகும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்குக் கையசைத்தாளாம். ஸ்டுடியோ முதலாளி சொன்னார். நான் பார்க்கவில்லை. பாடுகிறவர்களையும் வாசிக்கிறவர்களையும் நான் பார்ப்பதே இல்லை. திரையில் அவர்கள் ஒலி வரையும் கோடுகளைத்தான் பார்ப்பேன். பெயரும் எனக்கு வேண்டாம். வேலை எண்ணோடு வருகிறார்கள், எண்ணோடு போகிறார்கள். முடித்த கையோடு மறந்தும் விடுவேன். இத்தனை பேர் பிசிறையும் ஞாபகம் வைத்துக்கொண்டால் மண்டை வெடித்துவிடும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கிரேன்காரன் வந்தான். ஏப்ரலில் நான் கட்டிக்கொள்ளப் போகிறவன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்; அதனால் அந்தப் பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுகிறேன், சிரிக்கிறான். மண்டபம், துணி, அழைப்பு என்று எல்லாவற்றையும் என் இஷ்டத்துக்கு விட்டவன், இன்று ஒரே ஒரு விஷயம் கேட்டான். "அன்னைக்கு ஸ்பீக்கர்ல எதுவும் போட வேண்டாம். ஆளுங்க உக்காந்து வாசிக்கணும். யாருங்கறது நீ பாத்துக்கோ."

உயிரோடு இருக்கிறவர்கள் வாசித்துக் கெடுப்பதைத்தானே தினமும் காலையிலிருந்து திருத்திக்கொண்டிருக்கிறேன்? அதைக் கல்யாணத்தன்றும் கேட்க வேண்டுமா? என்னிடம் உலகத்திலேயே சுத்தமான பதிவுகள் இருக்கின்றன, எல்லாம் நான் செய்தவை. ஆனால் அவன் வேறு எதுவும் கேட்டதில்லை. சரி என்றுவிட்டேன்.

பிப்ரவரி 7, சனி

முதல் ஜோடி வந்தது. கணவர் புல்லாங்குழல், மனைவி கிட்டார். எங்கள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து வாசித்துக் காட்டினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடினால் ஸ்வரம் தானாக வந்து உட்கார்ந்துவிடும் என்று இவர்களுக்கெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது? அவர் பாட்டுக்கு வேகம் எடுத்துப் போய்க்கொண்டே இருக்க, அந்த அம்மாள் பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டார்கள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

சொல்லி அனுப்புகிறேன் என்றேன். அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. அம்மாவுக்கு எல்லாமே பிடிக்கும். குக்கர் விசில் சீராக வந்தால்கூடப் பாராட்டுவாள்.

பிப்ரவரி 11, புதன்

இன்று ஒரு கீபோர்டுக்காரர். நாற்பது இசைக்கருவிகள் தன்னிடம் இருப்பதாகப் பீற்றிக்கொண்டார். ஒரு பொத்தானை அழுத்தினார். தாளம் வந்தது. இன்னொன்றை அழுத்தினார். வயலின் கூட்டமே வந்தது. அதற்கு மேல் ஒற்றை விரலால் ஏதோ தடவிக்கொடுத்தார். கிரேன்காரன் கேட்டபடி பார்த்தால், இதில் உயிரோடு இருப்பது அந்த விரல் மட்டும்தான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஒரு பாட்டுக்காரர், கூட ஒரு வயலின்காரர். எடுத்த எடுப்பிலேயே ஒப்பாரி. கல்யாணத்துக்கு என்றுதானே போனில் சொன்னேன், சாவு வீடு என்று காதில் விழுந்ததா? மூன்றாவது பாட்டில் அவருக்கே கண் கலங்கிவிட்டது. தன் பாட்டுக்குத் தானே அழுகிறவர்களை எனக்கு ஆகாது.

அம்மா இன்று கடுப்பாகிவிட்டாள். "உனக்கு ஆள் கிடைக்கவே முப்பத்தொம்பது வருஷம் ஆச்சு. வாத்தியத்துக்கு ஆள் கிடைக்க இன்னும் எத்தனை வருஷமோ" என்றாள். அவள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். வீங்கித்தான் இருக்கிறது. கைத்தடி வாங்கித் தருகிறேன் என்றால், அதை ஊன்றிக்கொண்டு மகளை மேடைக்குக் கூட்டிப் போக மாட்டாளாம். அப்பா இருந்திருந்தால் அவர் கூட்டிப் போயிருப்பார், இப்போது அவள்தான். அதற்காகத்தான் இந்த வீம்பு.

பிப்ரவரி 24, செவ்வாய்

கிடைத்துவிட்டது.

மண்டபத்து மேலாளர் அனுப்பிய பதிவு. நாலு பேர் கொண்ட குழு. இரண்டு வயலின், அதைவிடக் கொஞ்சம் பெரிய ஒன்று, காலுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கும் செல்லோ ஒன்று. வேண்டா வெறுப்பாகத்தான் ஹெட்போனை மாட்டினேன். பிறகு கழற்றவே இல்லை. முதலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எப்படிச் சொல்வது? நாலு பேரும் ஒரே கையால் வாசிக்கிறார்கள். வில் மாறும் சத்தம் கிடையாது. ஒரு நாற்காலி முனகவில்லை, ஒருவர்கூட மூக்கை உறிஞ்சவில்லை. முடிவில் ஒலி அடங்குகிற இடம் இருக்கிறதே — நான் வெட்டியிருந்தாலும் மிகச் சரியாக அங்கேதான் வெட்டியிருப்பேன். அந்த இடத்தில் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் வந்தது.

ஆக, இருக்கிறார்கள். திருத்தத் தேவையில்லாத மனிதர்கள் எங்கோ இருக்கத்தான் செய்கிறார்கள். இத்தனை வருஷம் குப்பையைக் கிளறியதற்கு இது போதும்.

பிப்ரவரி 25, புதன்

போன் செய்தேன். செல்லோ வாசிக்கிற பெண்தான் எடுத்தாள். தேதியும் இடமும் சொன்னேன். "நீங்களா மேடம்? உங்களுக்குன்னா சந்தோஷமா வர்றோம்" என்றாள். என்னை எப்படித் தெரியுமாம்? ஸ்டுடியோ பெயர் ஊரில் அடிபட்டிருக்கும். வாய்ப்புக்குக் குழையும் குணம் இவ்வளவு நன்றாக வாசிக்கிறவர்களையும் விட்டுவைக்கவில்லை போலிருக்கிறது. மன்னித்துவிட்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

கிரேன்காரனையும் அவன் அப்பாவையும் ஸ்டுடியோவுக்கு வரவழைத்து, நல்ல ஸ்பீக்கரில் அந்தப் பதிவைப் போட்டேன். மாமா தபால் பிரிக்கும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாட்டு தொடங்கியதும் நாற்காலியில் சாய்ந்தார், வாயைத் திறந்தார், தூங்கிவிட்டார். ஊரே தலையில் வைத்துக் கொண்டாட வேண்டிய வாசிப்பு. நடுவில் ஒரு குறட்டை.

கிரேன்காரன் மட்டும் நன்றாகக் கேட்டான். "ரொம்ப நல்லா இருக்கு" என்றான். "வாசிக்கிறப்ப நம்மள நிமிந்து பாப்பாங்களா?" என்று கேட்டான். எதற்குப் பார்க்க வேண்டும்? வாசிக்க வருகிறவர்களா, வேடிக்கை பார்க்க வருகிறவர்களா? ஒரு மணி நேரம் அவனுக்கு இசை என்றால் என்ன என்று விளக்கினேன். இந்த நாலு பேரையும் முன்னால் வைத்து, புல்லாங்குழல் ஜோடியையும் அந்த ஒற்றை விரலையும் அழுமூஞ்சிப் பாட்டுக்காரரையும் கிழிகிழியென்று கிழித்தேன். மாமா எழுந்து, முடிந்துவிட்டதா என்று கேட்டார்.

மார்ச் 8, ஞாயிறு

மண்டபத்தில் வாசலிலிருந்து மேடைவரை நடந்து பார்த்தேன். நடுவே பாதை, இரண்டு பக்கமும் நாற்காலி, மேடையில் திருமணப் பதிவாளரின் மேசை. பதிவில் இருக்கும் மெதுவான பாட்டு நான் உள்ளே நுழையும்போது தொடங்கி, நான் மேடையில் காலை வைக்கும்போது முடிகிறது. அளவெடுத்துத் தைத்த மாதிரி. மற்றவர்களெல்லாம் கல்யாணத்தை எப்படித்தான் குத்துமதிப்பாக நடத்துகிறார்களோ.

மார்ச் 14, சனி

ஒத்திகை.

எழுத முடியவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

நாலு பேரும் நேரத்துக்கு வந்தார்கள். மண்டபத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள், சுருதி சேர்த்தார்கள். சேர்த்ததிலேயே எனக்கு முதல் சந்தேகம். பிறகு தொடங்கினார்கள்.

மோசம் என்று சொல்ல முடியாது. மோசமாக இருந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். சுமார். இரண்டாவது வயலின்காரன் சுருதியில் ஒரு மயிரிழை தாழ்ந்தே வாசிக்கிறான். முதல் வயலின்காரன் ஒவ்வொரு வரி தொடங்குவதற்கு முன்னாலும் மூக்கை உறிஞ்சுகிறான். அந்தக் கொஞ்சம் பெரிய வயலினை வாசிக்கிறவர் பக்கம் புரட்டும்போது ஒரு ஸ்வரத்தை அப்படியே முழுங்கிவிடுகிறார். செல்லோ மட்டும் பரவாயில்லை, ஆனால் நாற்காலி கிறீச்சிடுகிறது. நான் கையைக் காட்டி நிறுத்தினேன். பதிவில் வாசித்தவர்கள் எங்கே என்று கேட்டேன்.

"நாங்கதான் மேடம்" என்றாள் செல்லோக்காரி.

நான் சிரித்தேன். வேறு யாரோ வாசித்ததைத் தங்கள் பெயரில் அனுப்பி ஊரை ஏமாற்றுவது எனக்குப் புதிதல்ல என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். நாலு பேரின் முகத்திலும் ஈயாடவில்லை. அப்புறம் அவள் வில்லை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்:

"உங்க ஸ்டுடியோவுலதான் மேடம் பதிவு பண்ணினோம். நீங்கதான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தீங்க. நாள் முழுக்க ஹெட்போனக் கழட்டல, நிமிந்தும் பாக்கல. அப்புறம் வீட்டுக்குப் போய் அதக் கேட்டப்ப, நாங்களா இதுன்னு எங்களுக்கே தெரியல."



அவள் அதோடு விடவில்லை. அந்தப் பதிவைக் கேட்டுத்தான் எல்லாரும் அவர்களைக் கூப்பிடுகிறார்களாம். நேரில் வாசித்ததும் அவர்கள் முகம் மாறிவிடுமாம். ஒரு இடத்தில் பாதியில் நிறுத்தச் சொல்லி, பந்திக்குக்கூடக் கூப்பிடாமல் அனுப்பிவிட்டார்களாம். வேறு பதிவு எடுக்க வசதி இல்லை; அதையே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், அதற்கே பயந்துகொண்டும் இருக்கிறார்கள்.

"நீங்க போன் பண்ணினப்ப குரலக் கேட்டே கண்டுபிடிச்சுட்டேன். இவங்ககிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? நாம எப்படி வாசிப்போம்னு முழுசா தெரிஞ்சும் கூப்பிடற ஒரே ஆள் இவங்கதான்னு சொன்னேன்."

வேண்டாம், போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். வாத்தியங்களைப் பெட்டியில் வைத்து மூடி எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த முடிவு. நான் வெட்டியிருந்தாலும் அங்கேதான் வெட்டியிருப்பேன் என்று எழுதினேனே. மேலே இருக்கிறது, என் கையெழுத்தில். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன்.

என் வேலையைக் கேட்டு நானே அழுதிருக்கிறேன். அந்தப் பாட்டுக்காரர் தன் பாட்டு என்று தெரிந்தாவது அழுதார்.

மார்ச் 16, திங்கள்

கிரேன்காரனிடம் அவர்கள் மோசடிக் கும்பல் என்று சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளலாம், அதே பாட்டு, சுத்தமாக இருக்கும் என்றும் சொன்னேன்.

"அப்ப டேப்புல வாசிச்சது யாரு?" என்றான்.

யாராக இருந்தால் என்ன என்றேன்.

அவன் சத்தம் போடுகிறவன் இல்லை. சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு, இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னான். அவன் அம்மாவை அடக்கம் செய்யக் கொண்டுபோன நாள். இறுதிச் சடங்கு மண்டபத்தில் பாட்டுப் போட்டிருந்தார்கள்.

"பெட்டியத் தூக்கிக்கிட்டுப் பாதி வழி வந்துட்டோம். ஒருத்தருக்குத் தோள் வழுக்குச்சு, நின்னுட்டோம். அதுக்குள்ள பாட்டு முடிஞ்சுபோச்சு. அடுத்தது தானா ஆரம்பிச்சுது. சோப்பு விளம்பரம். அப்பா நின்ன இடத்துலயே நின்னுக்கிட்டு, யாராவது நிறுத்துங்க, யாராவது நிறுத்துங்கன்னு கேட்டார். எங்க நிறுத்தறதுன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியல. ஆளுங்க உக்காந்து வாசிச்சிருந்தா எங்களப் பாத்துட்டிருப்பாங்க. நாங்க நின்னா எங்களுக்காக இன்னும் கொஞ்சம் வாசிச்சிருப்பாங்க. அவ்வளவுதான் நான் கேட்டது. நல்லா வாசிக்கணும்னு நான் கேக்கவே இல்ல."

முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். சொல்ல வந்தானாம். மார்ச் ஒன்றாம் தேதி. நான் ஒரு மணி நேரம் விளக்கிக்கொண்டிருந்தேனாம்.

போகும்போது கதவருகில் நின்று, "நான் பேசறப்பவும் நீ கேக்கறதில்ல. எத வெட்டலாம்னு பாத்துட்டிருக்க" என்றான். கல்யாண நாளைத் தள்ளிப்போட வேண்டுமானால் யோசித்துச் சொல் என்றான்.

மார்ச் 17, செவ்வாய்

போன் வரவில்லை. வந்தாலும் எடுக்கப் போவதில்லை.

மார்ச் 19, வியாழன்

வரவில்லை.

மார்ச் 20, வெள்ளி

அவன் ஏன் வரவில்லை என்று அம்மா கேட்டாள், வேலை அதிகமாம் என்றேன். யாருக்கு என்று கேட்டாள். எழுந்து போய்விட்டேன். அவனுக்கு என்ன, மேலே ஏறி உட்கார்ந்தால் கீழே இருப்பவர்கள் எறும்புதான். போகட்டும். நான் என்ன கெஞ்சிக்கொண்டா நிற்கிறேன்? எனக்கு யாரும் வேண்டாம். — பொய். வேண்டும். அவன் வேண்டும்.

மார்ச் 22, ஞாயிறு

ஸ்டுடியோவில் யாரும் இல்லை. காலையிலேயே போனேன். அந்த நாலு பேரின் வெட்டாத பதிவைத் தேடி எடுத்தேன். முதலாளி எதையும் அழிக்க மாட்டார். சாப்பாட்டுப் பொட்டலம் கட்டி வந்த ரப்பர் பேண்டைக்கூடச் சேர்த்து வைக்கிறவர்.

எதற்குத் தேடினேன்? அவர்கள் சுமார்தான் என்று நிரூபிக்கத்தான். வேறு நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை.

நாற்காலி கிறீச்சிட்டது. மூக்கு உறிஞ்சல். யாரோ மெல்லச் சிரித்தார்கள், யாரோ உஷ் என்றார்கள். பாட்டு தொடங்கியது, பாதியில் ஒரு பெண் குரல் குறுக்கே வந்தது. "மறுபடியும்." அவ்வளவுதான். மறுபடி தொடங்கினார்கள். "மறுபடியும்." இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "மறுபடியும்." ஒரு ஆண் குரல் தயங்கித் தயங்கி, எந்த இடத்தில் தப்பு என்று சொன்னால் நன்றாக இருக்கும் என்றது. "மறுபடியும்."

யார் இந்த ராட்சசி என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாக. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் அந்தப் பக்கம் கேட்கும். அதை அழுத்துகிற ஆள் இங்கே ஒருத்திதான். இத்தனை வருஷத்தில் நான் கேட்காத குரல் அது ஒன்றுதான். எல்லாப் பதிவிலிருந்தும் முதலில் வெட்டி எறிவது அதைத்தான். என்ன குரல் அது. செத்த மீனைத் தொட்ட மாதிரி. அந்தக் குரலோடு ஒருவன் வாழ்நாள் முழுக்க இருக்கச் சம்மதித்திருக்கிறான்.

ஒரு விஷயம் எழுத வேண்டும். முதல் தடவை, நான் குறுக்கே விழுவதற்கு முன்னால், அவர்கள் வாசித்தது நன்றாக இருந்தது. சுத்தமாக இல்லை. தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் நாலு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள், அது கேட்டது. கடைசித் தடவைக்குள் அது போய்விட்டது. நான் வெட்டித் திருத்தி அனுப்பியது கடைசித் தடவை வாசித்ததைத்தான்.

மார்ச் 23, திங்கள்

துறைமுக வாசலில் போய் நின்றேன். வேலை முடிந்து கிரேன்காரன் வந்தான். என்னைப் பார்த்ததும் நடையை மெதுவாக்கினான். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தப் பதிவைச் செய்ததே நான்தான் என்பதை, அது தெரியாமல் அழுததை, அவர்களை மோசடிக்காரர்கள் என்றதை.

சிரித்தான். வாசல் காவலாளி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான். நான் அழுதுகொண்டிருந்தேன், அப்போதும் சிரித்தான்.

"அப்ப இத்தனை பேர்ல உனக்குப் பிடிச்ச ஒரே ஆளு நீதான்" என்றான்.

அவனை அடித்திருப்பேன். அடிக்கவில்லை. நாள் தள்ளவில்லை. பஸ் நிறுத்தம்வரை கூட வந்தான்.

மார்ச் 25, புதன்

செல்லோக்காரி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். போனில் பேசினால் அந்தக் குரல் வரும் என்று பயந்து நேரில் போனேன். முன்னால் வரிசை. என் முறை வந்ததும் இருமல் மாத்திரை கேட்டேன். எடுத்துக் கொடுத்தாள். வறட்டு இருமலா, சளியா என்று கேட்டாள். எனக்கு இருமலே இல்லை என்றேன். பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார்.

கல்யாணத்துக்கு வந்து வாசிக்க வேண்டும் என்றேன். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. பின்னால் நின்றவருக்குக் கண் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டு, "அதே நாலு பேர்தான் மேடம் வருவோம். அதே மாதிரிதான் வாசிப்போம்" என்றாள்.

தெரியும் என்றேன்.

"அந்த வெட்டாத பதிவு இருக்குமா? இனிமே அத அனுப்பலாம்னு இருக்கோம். வர்றவங்க தெரிஞ்சே கூப்பிடட்டும்."

தருகிறேன் என்றேன். என் குரலை மட்டும் எடுத்துவிட்டுத் தரட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு? இருக்கட்டும். அதக் கேட்டாதான் நாங்க ஏன் நடுங்கிக்கிட்டு வாசிச்சோம்னு புரியும்."

சிரிக்காமல் சொன்னாள். என்னைப் போலவே வாய் அவளுக்கு. இருமல் மாத்திரையை வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

ஏப்ரல் 4, சனி

மறுபடி ஒத்திகை. இரண்டாவது வயலின்காரன் தாழ்ந்துதான் வாசிக்கிறான். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடைவேளையில் அவனிடம் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். என் கையிலிருந்து வாங்கலாமா என்று யோசித்துத்தான் வாங்கினான்.

திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். புல்லாங்குழல் ஜோடியைப் பற்றி எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

ஏப்ரல் 11, சனி, காலை

முதல் வயலின்காரன் ஜலதோஷத்தோடு வந்திருக்கிறானாம். இன்றைக்கா? அந்த இருமல் மாத்திரையைக் கொடுத்து அனுப்பினேன். நான் வாங்கி வந்த கைத்தடியை அம்மா கட்டிலுக்கு அடியில் தள்ளி ஒளித்துவைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 13, திங்கள்

வேலைக்குத் திரும்பிவிட்டேன். முதலாளி ஒரு வாரம் இருந்துவிட்டு வரச் சொன்னார். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது, கிரேன்காரனும் காலையிலேயே மேலே ஏறிவிட்டான். இன்று வந்த பாடகரிடம் பெயர் கேட்டேன். சொன்னார். மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை நடந்ததை எழுதாமல் விட்டால் அதுவும் மறந்துவிடும்.

மண்டபத்துக் கதவு திறந்தது. அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். மேடையில் பதிவாளர், கிரேன்காரன், முதல் வரிசையில் மாமா. இடது பக்க ஓரத்தில் நாலு பேரும். வாசிக்கத் தொடங்கினார்கள். முதல் வரிக்கு முன்னால் மூக்கு உறிஞ்சல் மண்டபம் முழுக்கக் கேட்டது. நடந்தோம்.

பாதி வழியில் அம்மா நின்றுவிட்டாள். முழங்கால் பிடித்துக்கொண்டது. முகத்தைப் பார்த்தால் தெரியாது, யாரையோ தேடுகிற மாதிரி நின்றாள். ஆனால் என் கையில் அவள் நகம் பதிந்தது. நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்தார், பார்வையாலேயே உட்காரவைத்தாள். காலை எடுத்து வைத்தாள், முடியவில்லை.

பாட்டு முடியப் போகிறது. எனக்குத் தெரியாதா எங்கே முடியும் என்று? அந்த இடத்தை என் கையாலேயே வெட்டியவள். இன்னும் இரண்டு வரி. அப்புறம் அத்தனை பேருக்கும் நடுவில் நொண்டிக்கொண்டு அம்மா நிற்க, ஒரு சத்தமும் இருக்காது. மேடையில் கிரேன்காரன் முகம் வெளுத்துப்போயிருந்தது. மாமா எழுந்து நின்றுவிட்டார். அவர் எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இந்த மண்டபத்தில் இல்லை.

நான் அந்த நாலு பேரையும் பார்த்தேன். செல்லோக்காரி ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை பாட்டுக்கு வில்லை இழுத்துக்கொண்டிருக்க, புருவத்தை மட்டும் தூக்கிக் கேட்டாள்.

சத்தம் வராமல், வாயை மட்டும் அசைத்துச் சொன்னேன். மறுபடியும்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்ற மூன்று பேரிடமும் தலையை ஆட்டினாள். முடிய வேண்டிய இடத்தில் முடிக்காமல் ஆரம்பத்துக்குத் திரும்பினார்கள். இரண்டாவது வயலின்காரன் கவனிக்காமல் முடித்தேவிட்டு, பதறி, பின்னாலேயே ஓடி வந்து ஒட்டிக்கொண்டான். யாரோ சிரித்தார்கள்.

அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். "மெதுவாவே போலாம்டி. அதான் வாசிக்கறாங்களே" என்றாள். ஒரு காலை இழுத்து இழுத்து மேடைவரை வந்தாள். அவள் உட்காருகிறவரை வாசித்தார்கள். அவள் உட்கார்ந்த பிறகுதான் மாமா உட்கார்ந்தார். உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதிவாளர் பேச ஆரம்பித்ததும் தூங்கிவிட்டார்.

கிரேன்காரன் என் கையைப் பிடித்தபோது அவன் கை ஈரமாக இருந்தது.

இரண்டாவது வயலின் கடைசிவரை தாழ்ந்துதான் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.